கொழுப்புத் திசுவில் காசநோய்க் கிருமி: கேள்விகளும் பதில்களும்

காசநோய்க் கிருமி நுரையீரலோடு நிற்காமல் உடலின் கொழுப்புத் திசுவிலும் போய்த் தங்குகிறதா, தங்கினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி வந்த கேள்விகள் இவை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் மருத்துவ மாணவர்களும் ஆய்வகத்தில் இருப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே சில பதில்கள் எளிமையாக இருக்கும், சில நுணுக்கமாகப் போகும். மாத்திரை சாப்பிடுபவரின் கேள்விதான் அவசரமானது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேடம், எனக்கு டிபி மாத்திரை நாலாவது மாசம் ஓடுது. இருமல் போயிடுச்சு, எடையும் கூடிடுச்சு, சளியில கிருமி இல்லைன்னும் சொல்லிட்டாங்க. ஆனா கிருமி கொழுப்புல போய் ஒளிஞ்சுக்கும்னு படிச்சதிலிருந்து பயமா இருக்கு. அப்போ இந்த மாத்திரையால பிரயோஜனம் இல்லையா?

பிரயோஜனம் இருக்கிறது. பயப்பட வேண்டாம், மாத்திரையை ஒரு நாளும் விடவும் வேண்டாம். சாதாரண காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் உள்ளிட்ட மருந்துகள் என்று ஆறு மாதம் முழுமையாக எடுத்துக்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமாகிறார்கள். கிருமி எங்கெங்கே ஒளிகிறது என்று தெரிவதற்கு முன்பே அந்தக் கால அளவு பல ஆயிரம் நோயாளிகளிடம் சோதித்து முடிவு செய்யப்பட்டது. அதாவது, ஒளிந்திருக்கும் கிருமிகளையும் சேர்த்துத்தான் அந்த ஆறு மாதக் கணக்கு.

சளியில் கிருமி இல்லை என்பதற்கு, வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த கூட்டம் செத்துவிட்டது என்று பொருள். மெதுவாகவோ பெருகாமலோ கிடக்கும் சிறு கூட்டம் மிச்சம் இருக்கலாம். நான்காவது மாதத்தில் நிறுத்தினால் நோய் திரும்புவது அந்தக் கூட்டத்திலிருந்துதான். இதற்கு நேரடிச் சான்று உண்டு. வழக்கமான மருந்துகளில் ஒன்றுக்குப் பதிலாக ஃபுளோரோகுவினோலோன் வகை மருந்து சேர்த்து நான்கு மாதத்தில் முடித்துவிடலாமா என்று பார்த்த ஆய்வுகள் 2014இல் வெளிவந்தன. சளி சீக்கிரம் சுத்தமானது, ஆனால் மருந்து நிறுத்திய பிறகு நோய் திரும்பியவர்கள் அதிகமாக இருந்தார்கள். ரிஃபாபென்டினும் மாக்ஸிஃபுளோக்சசினும் கொண்ட வேறொரு நான்கு மாதச் சிகிச்சை 2021இல் ஆறு மாதச் சிகிச்சைக்கு நிகராக வந்தது. அது தனிக் கலவை. உங்கள் மாத்திரையை நான்காம் மாதத்தில் நிறுத்துவதற்கு அதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

கேள்வி: டிபி நுரையீரல் நோய்தானே? மூச்சில் போன கிருமி சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்புக்கு எப்படிப் போகிறது?

மூச்சில் போன கிருமியை நுரையீரலின் காற்றுப்பைகளில் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்குகின்றன. அதற்குள் சாகாமல் பெருகுகிறது. சில வாரங்களில் அங்கிருந்து நிணநீர் வழியாக நிணநீர்க் கணுக்களுக்கும், அங்கிருந்து ரத்தத்துக்கும் கொஞ்சம் கிருமிகள் கசிகின்றன. நோய் எதிர்ப்பாற்றல் முழு வேகத்தில் இயங்கத் தொடங்கும் முன்பே இந்தப் பரவல் நடந்துவிடுகிறது. எலும்பு, சிறுநீரகம், மூளை உறை ஆகியவற்றில் பல ஆண்டுகள் கழித்து டிபி வருவதற்கு அடிப்படை இதுதான். நிணநீர்க் கணுக்கள் அனைத்தும் கொழுப்பில் புதைந்திருப்பவை, கொழுப்புத் திசுவுக்கு ரத்த நாளங்களும் ஏராளம். ஆகவே கிருமிக்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது.

கண்ணுக்குப் புண் தெரியாத திசுவிலும் உயிருள்ள கிருமி இருக்கும் என்பது பழைய செய்தி. 1927இல் ஓபியும் ஆரன்சனும் வேறு காரணங்களால் இறந்தவர்களின் நுரையீரலில், டிபி தழும்பே இல்லாத பகுதிகளை எடுத்து கினிப் பன்றிகளுக்குச் செலுத்திக் காட்டினார்கள். 2000இல் ஹெர்னாண்டெஸ் பாண்டோ குழு மெக்சிகோ, எத்தியோப்பியா நாட்டவரின் புண்ணற்ற நுரையீரலில், மேக்ரோஃபேஜ் அல்லாத செல்களுக்குள்ளும் கிருமியின் டி.என்.ஏ. இருப்பதைக் கண்டது. கொழுப்பு என்று குறிப்பாகச் சொன்னது 2006ஆம் ஆண்டு ஆய்வு. பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த நெய்ரோல் குழு, டிபி நோய் இல்லாமல் இறந்தவர்களின் சிறுநீரகம், இரைப்பை, நிணநீர்க் கணு, இதயம், தோல் இவற்றைச் சூழ்ந்த கொழுப்பில் கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடியது. டிபி மிகுந்த மெக்சிகோவைச் சேர்ந்தவர்களிடமும் குறைவான பிரான்சைச் சேர்ந்தவர்களிடமும் அது கிடைத்தது.

கேள்வி: நான் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு. கொழுப்புச் செல் எதையும் விழுங்கும் வகைச் செல் இல்லையே மேடம், உள்ளே எப்படிப் போகிறது? போய் என்ன சாப்பிடுகிறது?

கொழுப்புச் செல்லின் மேலுறையில் ஸ்கேவஞ்சர் ரிசெப்டர்கள் உண்டு. கொழுப்பு சேர்ந்த மூலக்கூறுகளைப் பிடிப்பது அவற்றின் வேலை. காசநோய்க் கிருமியின் வெளிச்சுவரே மைக்கோலிக் அமிலமும் மெழுகுமாக இருப்பதால் அந்த ரிசெப்டர்களில் ஒட்டிக்கொள்கிறது. அவற்றைத் தடுத்தால் கிருமி ஒட்டுவது குறைகிறது என்று 2006 ஆய்வு காட்டியது. முதிர்ந்த கொழுப்புச் செல்லின் குறுக்களவு 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். அதில் ஒற்றைக் கொழுப்புத் துளியே பெரும்பகுதியை அடைத்துக்கொள்ள, சைட்டோபிளாசம் ஓரத்தில் மெல்லிய படலமாக ஒதுங்கியிருக்கும். 2 முதல் 4 மைக்ரான் நீளமுள்ள கிருமி அந்த ஓரத்தில் இருக்கிறது, பெரிய துளியின் நடுவில் நீந்துவதில்லை. படம் வரைகிறவர்கள் இதைத் தப்பாகவே வரைகிறார்கள்.

இன்னொன்றும் மறக்க வேண்டாம். கொழுப்புத் திசு வெறும் கொழுப்புச் செல் அல்ல. முன்னோடிச் செல்கள், ரத்தநாளச் செல்கள், டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள், மேக்ரோஃபேஜ்கள் எல்லாம் அதில் உண்டு. உடல் பருமன் உள்ளவர்களின் கொழுப்பில் மேக்ரோஃபேஜ்கள் பல மடங்கு பெருகிவிடும். 'கொழுப்பில் கிருமி' என்று யாராவது சொன்னால், எந்தச் செல்லுக்குள் என்று கேளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். எலியின் நுரையீரலிலிருந்து எடுத்த கிருமி சர்க்கரையைவிடக் கொழுப்பமிலத்தைக் கொடுத்தால்தான் நன்றாகச் சுவாசிக்கிறது என்று 1956லேயே பிளாக்கும் சீகலும் காட்டினார்கள். 1998இல் மரபுத்தொகுதி முழுதும் படிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 4,000 மரபணுக்களில் 250 வரை கொழுப்பு வளர்சிதை மாற்றத்துக்கானவை என்று தெரிந்தது. வரிசை இப்படி: செல்லின் ட்ரைகிளிசரைடு உடைந்து கொழுப்பமிலம் வருகிறது. கிருமி எம்சிஇ1 என்ற கடத்தி வழியாக அதை உள்ளே இழுக்கிறது (கொலஸ்ட்ராலுக்கு எம்சிஇ4). பீட்டா ஆக்சிஜனேற்றத்தில் அது அசெட்டைல் கோஎன்சைம்-ஏ ஆகிறது. கிரெப்ஸ் சுழற்சியில் முழுச் சுற்று போனால் கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடாக வீணாகும். ஆகவே ஐசோசிட்ரேட் லையேஸ் என்ற நொதியைக் கொண்டு கிளையாக்சிலேட் குறுக்கு வழியில் போய்க் கார்பனைச் சேமிக்கிறது. அங்கிருந்து பெப்சிகே நொதி மூலம் சர்க்கரை தயாரித்துக்கொள்கிறது. ஐசோசிட்ரேட் லையேஸ் இல்லாத கிருமி எலியில் நிலைத்திருக்க முடியாமல் திணறுகிறது என்பதை மக்கின்னி குழு 2000இல் காட்டியது. மனித உடலில் இந்த நொதி இல்லை. மருந்து தேடுபவர்களுக்கு அதன்மேல் இவ்வளவு கண் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

வந்த கொழுப்பமிலம் முழுவதையும் கிருமி எரித்துவிடுவதில்லை. டிஜிஎஸ்1 என்ற நொதியால் அதை மறுபடி ட்ரைகிளிசரைடாகக் கட்டித் தன் உடலுக்குள்ளேயே துளித்துளியாகச் சேர்த்து வைக்கிறது, நெடும்பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவதுபோல. ஆக்சிஜன் குறையும்போது டாஸ்ஆர் என்ற கட்டுப்பாட்டுத் தொகுதி விழிக்கிறது. டிஜிஎஸ்1 அதன் கீழ் வருகிறது. அந்தக் கட்டத்தில் பெருக்கம் நின்று கிருமி உறங்குநிலைக்குப் போகிறது. சாதாரணமாக 18 முதல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரியும் கிருமி இப்போது பிரிவதே இல்லை. விழிக்கும் நேரம் வந்தால் லிப்ஒய் போன்ற லைபேஸ்கள் அந்தச் சேமிப்பைக் கரைத்துத் தருகின்றன.

கேள்வி: உறங்கும் கிருமியை ஐசோனியசிட் கொல்லாது என்கிறார்கள். அப்படியிருக்க, டிபி வராமல் தடுக்க ஆறு மாதம் ஐசோனியசிட் மட்டும் கொடுப்பது எப்படி வேலை செய்கிறது? இரண்டும் முரணாக இல்லையா?

நல்ல கேள்வி. ஐசோனியசிட், கிருமியின் கேட்ஜி நொதியால் செயலூட்டப்பட்டு மைக்கோலிக் அமிலம் கட்டும் வேலையை நிறுத்துகிறது. சுவர் கட்டாத கிருமிக்கு அதனால் பெரிய சேதம் இல்லை. 2006 ஆய்வில் கொழுப்புச் செல்லுக்குள் இருந்த கிருமி ஐசோனியசிட்டுக்கு அசையாமல் இருந்ததற்கு விளக்கம் இதுதான். அது மரபணு மாறிய மருந்து எதிர்ப்பு அல்ல. அதே கிருமியை வெளியே எடுத்து வளர்த்தால் ஐசோனியசிட்டுக்குச் சாகும். 'எதிர்ப்பு', 'தாங்குதல்' என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆனால் மறைதொற்று, அதாவது நோயாக மாறாமல் உடலுக்குள் தங்கியிருக்கும் கிருமி, முழுவதும் அசையாமல் உறங்கும் ஒரே கூட்டம் அல்ல. சில உறங்கும், சில மெதுவாகப் பிரியும், சில அவ்வப்போது விழித்துப் பார்க்கும். மருந்து ரத்தத்தில் இருக்கும் நாட்களில் விழிப்பவை சாகின்றன. கால அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் இதிலிருந்து விளங்கும். 1982இல் வெளியான, 28,000 பேர் வரை பங்கேற்ற ஐரோப்பிய ஆய்வில் ஐசோனியசிட்டை 12 வாரம் எடுத்தவர்களுக்கு டிபி 21 சதவீதம் குறைந்தது, 24 வாரம் எடுத்தவர்களுக்கு 65 சதவீதம், 52 வாரம் எடுத்தவர்களுக்கு 75 சதவீதம். ஒரே மருந்து, ஒரே அளவு, நாட்கள் மட்டும்தான் வேறு.

ரிஃபாம்பிசின் குடும்ப மருந்துகள் ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுப்பவை. அரைத் தூக்கத்தில் இருக்கும் கிருமிக்கும் ஆர்.என்.ஏ. வேண்டும். வாரம் ஒருமுறை ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்த்து 12 தவணைகளில் தடுப்புச் சிகிச்சை முடிந்துவிடுவது இதனால்தான் சாத்தியமாகிறது.

கேள்வி: பெடாகுவிலின், குளோஃபாசிமின் என்ற டிபி மருந்துகள் இரண்டும் கொழுப்பில் நிறையச் சேருமே. கொழுப்பில் உள்ள கிருமிக்கு அவையே சரியான மருந்து என்று சொல்லலாமா?

அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. பெடாகுவிலின் உடலைவிட்டு முழுதாக நீங்கும் கட்டத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய ஐந்தரை மாதம், குளோஃபாசிமினுக்கு 70 நாள் வரை. கொழுப்பில் போய்ச் சேர்வதே அதற்குக் காரணம். ஆனால் கொழுப்புத் துளிக்குள் கரைந்து கிடக்கும் மருந்து முழுவதும் துளிக்கு வெளியே ஓரத்தில் இருக்கும் கிருமியைச் சென்றடைகிறது என்று சொல்லிவிட முடியாது. கட்டுறாமல் சுதந்திரமாக இருக்கும் மருந்தளவுதான் கணக்கு. திசுவை அரைத்து மொத்த மருந்தை அளந்துவிட்டு 'ரத்தத்தைவிடப் பல மடங்கு' என்று எழுதுவதில் பொருள் குறைவு.

கேள்வி: 3டி3-எல்1 என்ற எலிச் செல்களைக் கொழுப்புச் செல்லாக மாற்றி, எச்37ஆர்ஏ என்ற காசநோய்க் கிருமி வகையால் தொற்று வைக்கிறேன். காலனி எண்ணிக்கை ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் பத்து மடங்கு மாறுகிறது. எங்கே தப்பு நடக்கும்?

பல இடங்களில் நடக்கும். வரிசையாகப் பார்ப்போம்.

செல்லின் பாசேஜ் எண்ணை, அதாவது எத்தனை முறை பிரித்து வளர்த்தது என்பதை, பாருங்கள். 3டி3-எல்1 பத்துப் பன்னிரண்டு பாசேஜுக்கு மேல் போனால் கொழுப்புச் செல்லாக மாறும் திறனை இழக்கும். வளர்க்கும்போது 10 சதவீதக் கன்றுக்குட்டிச் சீரம் கொடுங்கள், 70 சதவீதம் நிரம்பியதும் பிரித்துவிடுங்கள். நெருக்கமாக விட்டு வளர்த்த செல் பின்னால் மாறாது. சோதனைக்குரிய வெல்லில் முழுதும் நிரம்பிய பின் இரண்டு நாள் சும்மா விடுங்கள். அதன் பிறகு கன்றுக் கருவின் சீரம் உள்ள மீடியத்தில் ஐபிஎம்எக்ஸ் 0.5 மில்லிமோலார், டெக்ஸாமெத்தசோன் 1 மைக்ரோமோலார், இன்சுலின் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் சேர்த்து 48 மணி நேரம். அடுத்த 48 மணி நேரம் இன்சுலின் மட்டும். பிறகு சாதாரண மீடியம். எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பத்துச் செல்லில் எட்டுக்கு மேல் துளிகள் தெரிய வேண்டும். ஒரு வெல்லை ஆயில் ரெட் ஓ சாயமிட்டு ஒவ்வொரு முறையும் பாருங்கள். பாதிதான் மாறியிருந்தால் தொற்று வைக்காதீர்கள். மாறாத செல்கள் பெருகிக்கொண்டே போய் கணக்கைக் கெடுத்துவிடும்.

தொற்று வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நாளாவது டெக்ஸாமெத்தசோனும் இன்சுலினும் இல்லாத மீடியத்தில் செல் இருக்கட்டும். இரண்டும் செல்லின் எதிர்வினையையும் கொழுப்புக் கரைவதையும் மாற்றும்.

அடுத்தது கிருமிக் கொத்துகள். உங்கள் பத்து மடங்கு வித்தியாசத்துக்கு என் முதல் சந்தேகம் இங்கேதான். 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.4 முதல் 0.8 வரை இருக்கும் இளங்கல்ச்சரை எடுங்கள், நாட்பட்டது வேண்டாம். கழுவி, 26 கேஜ் ஊசி வழியாகப் பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாக இழுத்துத் தள்ளி, குறைந்த வேகத்தில் சில நிமிடம் சுற்றி, அடியில் படிந்த கொத்தை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் பயன்படுத்துங்கள். ஒளியடர்த்தியை நம்பி எண்ணிக்கையை எழுதாதீர்கள். செல்மேல் ஊற்றிய அதே திரவத்தைப் பிளேட்டில் இட்டு எண்ணி, உண்மையான விகிதத்தைப் பின்னர் எழுதுங்கள். கொத்து பிரியாமல் இருக்க ட்வீன் 80 போடுகிறீர்கள் என்றால், அது ஓலிக் அமிலத்தின் எஸ்டர் என்பதை நினைவில் வையுங்கள். கிருமி அதை உடைத்துத் தின்னும். கொழுப்பு உண்பதை ஆராயும் சோதனையில் டைலாக்சபால் பயன்படுத்துவதே முறை.

தொற்று வைத்த பின் மூன்று முறை கழுவுவதில் கொழுப்பேறிய செல்கள் உரிந்து போகும். மீடியத்தைச் செல்மேல் நேராக ஊற்றாமல் சுவரோரமாக விடுங்கள், வெதுவெதுப்பாக விடுங்கள். வெளியே மிஞ்சிய கிருமிக்கு அமிக்காசின் மி.லி.க்கு 200 மைக்ரோகிராம், இரண்டு மணி நேரம். அதை நன்றாகக் கழுவாவிட்டால் பிளேட்டில் வளர்ச்சியைத் தடுக்கும். செல்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் தனி வெல்லில் எண்ணி, ஒரு லட்சம் செல்லுக்கு இத்தனை காலனி என்று எழுதினால் உரிதலால் வரும் பிழை பாதி குறையும்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. 0.1 சதவீத ட்ரைட்டானில் செல்லை உடைத்ததும் கொழுப்பு மேலே மிதக்கும். இந்தக் கிருமியின் மேற்பரப்பு நீரை வெறுப்பது. அது கொழுப்புப் படலத்தோடு சேர்ந்து மேலே போய்விடும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி அடிமண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே உள்ளதைக் கொட்டினால் கிருமியில் பெரும்பங்கு தொட்டியில் போகிறது. சுற்றவே வேண்டாம். உடைத்ததை முழுதாகக் கலக்கி, ஒவ்வொரு நீர்ப்பிலும் நுனி மாற்றி, நேராகப் பிளேட்டில் இடுங்கள். 7எச்11 அகாரில் 37 டிகிரியில் மூன்று வாரத்தில் ஒருமுறையும் ஆறு வாரத்தில் ஒருமுறையும் எண்ணுங்கள். உறங்கிய கிருமி தாமதமாக முளைக்கும்.

ஐசோனியசிட் சோதனையும் செய்வதாக இருந்தால், பிழைத்த காலனிகளை மி.லி.க்கு 0.2 மைக்ரோகிராம் ஐசோனியசிட் உள்ள 7எச்10 பிளேட்டில் தேய்த்துப் பாருங்கள். அதில் வளரக் கூடாது. வளர்ந்தால் நீங்கள் பார்த்தது உறக்கம் அல்ல, எதிர்ப்புள்ள கிருமி. பக்கத்திலேயே மாறாத 3டி3-எல்1, மேக்ரோஃபேஜ் இரண்டையும் கன்ட்ரோலாக வையுங்கள். எச்37ஆர்ஏ வீரியம் குறைந்தது. அதில் கண்டதை வீரியமுள்ள எச்37ஆர்வி வகையில் உறுதிசெய்ய மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும்.

கேள்வி: நோய்க்குறியியல் துறையில் இருக்கிறேன். பழைய பாராஃபின் பிளாக்குகளில் (மெழுகில் பதித்துவைத்த திசு) உள்ள கொழுப்பில், டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். செய்து கிருமியைத் தேடலாமா? அமிலநிலைச் சாயத்தில் எதுவும் தெரியவில்லை.

சாயத்தில் தெரியாததில் வியப்பில்லை. எண்ணிக்கை மிகக் குறைவு, அத்துடன் உறங்கும் கிருமி சீல்-நீல்சன் சாயத்தைப் பிடித்துவைக்கும் திறனை ஓரளவு இழக்கிறது. பாராஃபின் பதப்படுத்தலில் சைலீன் கொழுப்பையெல்லாம் கரைத்துவிடுவதால் செல்கள் வெற்றுக் கூடாகத்தான் தெரியும். கிருமிக்குள் உள்ள கொழுப்புத் துளியைக் காண நைல் ரெட் இட வேண்டுமானால் உறையவைத்து வெட்டிய திசு வேண்டும்.

பி.சி.ஆர். செய்யலாம். ஃபார்மலினில் நாட்பட ஊறிய திசுவில் டி.என்.ஏ. துண்டுதுண்டாகியிருக்கும். ஆகவே 150 அடியிணைகளுக்குக் குறைந்த துண்டையே இலக்காக வையுங்கள். கிருமியின் டி.என்.ஏ.வில் உள்ள ஐஎஸ்6110 என்ற வரிசையின் வழக்கமான 123 அடியிணைத் துண்டு பொருந்தும். அந்த வரிசை பெரும்பாலான கிருமிவகைகளில் பல பிரதிகள் இருப்பதால் உணர்திறன் கூடும். ஆனால் அது அறவே இல்லாத வகைகளும் உண்டு, எனவே இரண்டாவது இலக்கு ஒன்றும் வேண்டும். கிருமிச் சுவர் கடினமானது. புரோட்டினேஸ் மட்டும் போதாது, 0.1 மி.மீ. மணிகளோடு அதிரவைத்து உடைக்க வேண்டும். கொழுப்பு நொதியைத் தடுக்கும். மனித மரபணு ஒன்றைக் கூடவே பெருக்கிப் பார்த்தால்தான் 'இல்லை' என்ற விடைக்கு மதிப்பு.

இதில் நான் மிகவும் பயப்படுவது கலப்படத்துக்கு. இரண்டு பிளாக்குகளுக்கு இடையே கத்தி மாற்றி, திசுவே இல்லாத வெறும் பாராஃபின் பிளாக் ஒன்றை வெட்டி, அதையும் கடைசிவரை கொண்டுபோங்கள். பிரித்தெடுப்பது ஓர் அறை, பெருக்குவது வேறு அறை. டிபி திசு தினமும் வெட்டப்படும் இயந்திரத்தில் இந்தத் தேடலைச் செய்யக் கூடாது. எல்லாம் சரியாகச் செய்து நேர்மறை வந்தாலும், அறிக்கையில் 'கிருமியின் டி.என்.ஏ. உள்ளது' என்று மட்டும் எழுதுங்கள். உயிருள்ள கிருமி என்று எழுத, வளர்ந்த காலனி வேண்டும்.

கேள்வி: அப்படியானால் மனிதக் கொழுப்பிலிருந்து டிபி திரும்புகிறது என்பது நிரூபிக்கப்பட்டதா, இல்லையா?

இல்லை. மூன்று தனித்தனிச் செய்திகளைச் சேர்த்து ஒரே செய்தியாகப் படிக்கிறோம். ஒன்று, மனிதக் கொழுப்பில் கிருமியின் டி.என்.ஏ. கிடைக்கிறது. இரண்டு, வளர்ப்புத் தட்டில் கொழுப்புச் செல்லுக்குள் கிருமி பெருகாமல் உயிரோடு இருக்கிறது. மூன்று, தொற்றிய எலிகளின் பல கொழுப்புத் திசுக்களில் கிருமி நிலைக்கிறது. இதில் 2014இல் வெளியான லக்னோ ஆய்வு முக்கியமானது. 2017இல் வந்த இன்னோர் எலி ஆய்வில், கிருமி வந்த கொழுப்பில் என்.கே. செல்கள், சிடி8 செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் குவிந்திருந்தன. ஆக, கொழுப்பு நோய் எதிர்ப்பின் கண்ணில் படாத இடம் என்றும் சொல்லிவிட முடியாது.

இந்த மூன்றுக்கும் 'மனிதரில் நோய் இங்கிருந்துதான் திரும்பியது' என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. அதை மூட, மறைதொற்று உள்ளவரின் கொழுப்பில் வளரும் கிருமியை எடுத்து, பின்னர் அவருக்கு வந்த நோயின் கிருமியோடு மரபுவரிசை ஒப்பிட வேண்டும். போட்டி போடும் வேறு மறைவிடங்களும் உண்டு. எலும்பு மஜ்ஜையின் மெசன்கைமல் மூலச்செல்களில் கிருமி தங்குவதை 2013இல் ஒரு குழு காட்டியது. நுரையீரலும் நிணநீர்க் கணுவுமே முதன்மை மறைவிடங்கள் என்ற பழைய கருத்தைக் கைவிடக் காரணம் இன்னும் இல்லை. கொழுப்பை அந்தப் பட்டியலில் ஒன்றாகச் சேர்ப்பதுதான் நியாயம்.

கேள்வி: எனக்கு உடல் எடை அதிகம். கொழுப்பு கூடினால் கிருமிக்கு இடம் கூடும் என்றால், எனக்கு டிபி வரும் வாய்ப்பும் கூடுமா?

நடப்பது நேர்மாறு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான கணக்கின்படி, உடல் நிறைக் குறியீடு ஒவ்வோர் அலகு கூடும்போதும் டிபி வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைகிறது. மெலிந்தவர்களுக்குத்தான் ஆபத்து. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், டி செல்கள் வேலை செய்ய உதவுகிறது. உடல் வற்றும்போது லெப்டினும் வற்றுகிறது. எலிகளில் கொழுப்புச் செல்லை வேண்டுமென்றே அழித்துப் பார்த்த 2019 ஆய்வில் நுரையீரல் பாதிப்பு கூடியது. கொழுப்பு கிருமிக்கு இடம் தந்தாலும் உடலுக்குக் காவலாகவும் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

இதைப் படித்துவிட்டு எடையை ஏற்ற வேண்டாம். பருமனோடு சர்க்கரை நோயும் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். சர்க்கரை நோய் டிபி வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். டிபி சிகிச்சையில் இருப்பவர்கள் அந்த ஆறு மாதத்தில் எடை குறைக்கும் உணவுக் கட்டுப்பாட்டை மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: லைபோசக்‌ஷன் செய்து கொழுப்பை எடுத்துவிட்டால் கிருமியும் போய்விடுமா?

போகாது. அதில் எடுப்பது தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் ஒரு பகுதி. சிறுநீரகத்தையும் இதயத்தையும் நிணநீர்க் கணுக்களையும் சுற்றியுள்ளது அப்படியே இருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சரியாகக் கிருமி நீக்காத கருவிகளாலோ குழாய்த் தண்ணீராலோ லைபோசக்‌ஷனுக்குப் பிறகு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ், ஃபார்சுயிட்டம், கெலோனி போன்ற வேறு மைக்கோபாக்டீரியத் தொற்றுகள் வந்திருக்கின்றன. ஆறாத சீழ்க்கட்டியாக வரும், சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்குக் கேட்காது.

கேள்வி: அம்மாவுக்குக் கெண்டைக்காலில் சிவந்த கட்டிகள் வந்து வந்து போகின்றன, ஒன்று புண்ணாகிவிட்டது. தோல் டாக்டர் டிபி டெஸ்ட் எழுதியிருக்கிறார். இதுவும் கொழுப்பு டிபிதானா?

அவர் சந்தேகிப்பது எரிதீமா இன்டியுரேட்டம் என்ற நிலையாக இருக்கலாம். பெண்களுக்குக் கெண்டைக்காலின் பின்புறத்தில் வருவது, தோலடிக் கொழுப்பும் ரத்த நாளமும் அழற்சி அடைவது. இதில் கிருமி கொழுப்பில் பதுங்கியிருக்கிறது என்பதைவிட, உடலில் வேறெங்கோ இருக்கும் டிபிக்கு நோய் எதிர்ப்பாற்றல் காட்டும் மிகை எதிர்வினை என்றே கருதப்படுகிறது. கட்டியிலிருந்து கிருமி வளர்வது அரிது. சிலரில் பி.சி.ஆர். நேர்மறையாக வரும். தோல் ஊசிப் பரிசோதனை பலமாக வீங்கும். டிபி இல்லாத காரணங்களாலும் இதே கட்டி வரும் என்பதால் ஆழமாக வெட்டி எடுத்த பயாப்ஸி வேண்டும், தோலை மேலாகச் சுரண்டினால் கொழுப்பு வராது. மார்பு எக்ஸ்ரேயும் எடுங்கள். டிபிதான் என்று உறுதியானால் முழுச் சிகிச்சை எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்துக் கட்டியை அமுக்கக் கூடாது.

கேள்வி: கொழுப்பில் கிருமி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

தெரியாது. இக்ரா ரத்தப் பரிசோதனையும் தோல் ஊசியும் உடலின் டி செல்கள் இந்தக் கிருமியைச் சந்தித்த நினைவைத்தான் காட்டும். எங்கே இருக்கிறது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டாது. கிருமி முற்றிலும் செத்த பிறகும் பல ஆண்டுகள் நேர்மறையாகவே இருக்கலாம். நேர்மறை வந்தவர்களில் வாழ்நாளில் நோயாக மாறுவது 5 முதல் 10 சதவீதம், அதிலும் பெரும்பகுதி தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளில்.

கேள்வி: மூட்டுவாதத்துக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி தொடங்கப் போகிறார்கள். டிபி விழித்துக்கொள்ளும் என்கிறார்கள். கொழுப்பில் இருப்பதும் விழிக்குமா?

எங்கே உறங்கினாலும் விழிக்கக்கூடும். டிஎன்எஃப் என்ற காவல் புரதத்தை அந்த ஊசி முடக்குகிறது. 2001இல் வெளியான தொகுப்பில், இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்த பின் டிபி வந்த 70 பேரில் 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே நோய் இருந்தது. பாதிப்பேருக்கு முதல் 12 வாரங்களுக்குள்ளேயே வந்துவிட்டது. நுரையீரலுக்கு வெளியே இவ்வளவு வந்ததற்கு, உடலெங்கும் ஏற்கெனவே விதை இருந்ததும் காரணமாகலாம், காவல் இல்லாததால் புதிதாகப் பரவியதும் காரணமாகலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஊசிக்கு முன்பே இக்ரா அல்லது தோல் ஊசிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே இரண்டும் எடுங்கள். ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்கள் என்றால் பரிசோதனை பொய்யாக எதிர்மறை காட்டக்கூடும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். மறைதொற்று உறுதியானால், நோயாக மாறவில்லை என்று பார்த்த பிறகு தடுப்புச் சிகிச்சை தொடங்கி, குறைந்தது ஒரு மாதம் கழித்து ஊசி போடுவது வழக்கம். ரிஃபாம்பிசின் வகை மருந்துகள் கருத்தடை மாத்திரை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை போன்றவற்றின் வேகத்தைக் குறைக்கும், ஆகவே நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். ஊசி தொடங்கிய பின் இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, கழுத்திலோ அக்குளிலோ கட்டி, வயிறு வீக்கம் எது வந்தாலும், இருமல் இல்லையென்றாலும், அடுத்த ஊசி போடும் முன் காட்டுங்கள்.